காலிக்காபாத் காசு

திண்டுக்கல் மலைக்கோட்டையை அறியாதார் இலர். 1755-இல் ஹைதர் அலீ இங்கே பவுஜ்தாராய் வந்தமர்ந்ததும், 1790-இல் கோட்டை ஆங்கிலேயர் கைப்பட்டதும், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இச்சீமை திப்பு சுல்தானை விட்டு நீங்கியதும் பலரும் சொல்லக் கேட்டவையே. ஆயின் அச்சுல்தானின் செப்புக் காசுகள் சிலவற்றில் ‘ளர்பு காலிக்காபாத்’, அதாவது காலிக்காபாத்தில் அடிக்கப்பெற்றது, எனப் பொறித்திருப்பதை அறிந்தார் சிலரே. அவ்வூர் திண்டுக்கல்லே என்பர் நாணய ஆய்வாளர் பலர். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த வேறோர் ஊர் என்பாரும் உளர்.

இவ்வழக்கிற்குச் சாட்சி காசுதான். 1787 முதல் சுல்தான் மவ்லூதீ ஆண்டைப் பொறிப்பித்தார். அவ்வாண்டு 1215. இலக்கங்களை வலமிருந்து இடமாய் எழுதுவித்ததால் அது நம் கண்ணுக்கு 5121 எனத் தோன்றும். கோட்டை வீழ்ந்த 1790-க்கு ஒத்தது 1218. காலிக்காபாத் திண்டுக்கல்லாயின் அதற்குப் பிந்திய ஆண்டு அவ்வூர்க் காசில் வர இயலாது. ஆகவே இடக்கோடியில் நிற்கும் ஓர் இலக்கமே வழக்கைத் தீர்க்க வல்லது. அவ்விலக்கத்தைத்தான் புளியும் சாம்பலும் தின்கின்றன!

பழைய செம்பு பித்தளை விற்பாரிடம் யானை உருவமுள்ள இக்காசுகள் தரச்சான்று ஏதுமின்றியே கைமாறுகின்றன. குத்துவிளக்கைத் துலக்குவது போலவே காசையும் துலக்கிவிடுகின்றனர். வாங்குவோரும் பளபளப்பையே விரும்புகின்றனர். இருநூறாண்டு கடந்த செம்பு பழுப்பேறியிருத்தல் இயல்பு. எழுத்துகளின் இடுக்கிலும் புதுச்செம்பின் சிவப்பு தெரிந்தால் அமிலம் பட்டதென்க. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க, ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் கம்பித் தூரிகையைக் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகள் கழுத்தில் கட்டத் துளையிட்ட காசு எவ்வளவோ மேல். அதன் குறை கண்ணெதிரே நிற்கிறது.

அமெரிக்கரான ஷெல்டன் 1949-இல் காசின் தரத்தை 70 வரை எண்ணும் அளவையொன்றை வகுத்தார். அவ்வழியில் இன்று தரச்சான்று அளிக்கும் நிறுவனங்கள், துலக்கிக் கெடுத்த காசுக்குப் பொதுவாக எண்ணே தருவதில்லை. நம் பிக்ஹு நூலோர் இதனை அதற்கும் பன்னூற்றாண்டு முன்னரே வேறு வாயிலால் அணுகினர். வணிகர் வழக்கில் பொருளின் மதிப்பைக் குறைப்பது எதுவோ அதுவே ‘ஐபு’. அறியாது வாங்கியவனுக்குத் திருப்பித் தரும் உரிமை, ‘கியாருல் ஐபு’, உண்டு. மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி யாவரும் அறிந்ததே. எடைக்கு விற்ற செம்பில் துலக்கியது குறையன்று. திப்பு காசென்று விலை கூறி விற்றால் குறையே. அறிந்தவன் அதனைச் சொல்லியே விற்றல் வேண்டும்.

காசில் மண் ஒட்டியிருப்பின் வாலைவடிநீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துக. எழுத்து விளங்காவிடினும் களிம்பைச் சுரண்டலாகாது. பக்கவாட்டில் ஒளி விழச்செய்து படமெடுத்தால், யானையின் மேற்புறத்து ஆண்டு பலவேளை தானே தெளிவுறும்.