வரைபடம் முடியுமுன் வானம் தோண்டுதல்: சிட்னி ஆப்பெரா ஹவுஸும் கட்டுமான மதிப்பீடும்

முன்னுரை

கட்டுமானச் செலவு மதிப்பீட்டைத் தாண்டும்போது ஒப்பந்ததாரரின் தாமதம், சிமென்ட் இரும்பு விலையேற்றம், ஆள் பற்றாக்குறை ஆகியவையே கோப்பில் காரணங்களாகப் பதிவாகின்றன. இவற்றில் உண்மை உண்டு. ஆயினும் பெருந்திட்டங்களில் செலவு கைமீறுவது பணிக்களத்துக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. வடிவமைப்பு முடியாத கட்டடத்துக்கு ஒற்றைத் தொகை எழுதி ஒப்புதல் பெறும் மேசையே அதன் பிறப்பிடம் என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சிட்னி ஆப்பெரா ஹவுஸ் தெளிவான சான்று.

கூரை அறியாத அடித்தளம்

இக்கட்டடத்தை வடிவமைக்க 233 வடிவங்கள் வந்த போட்டியில், 1957 ஜனவரியில் டென்மார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் தேர்வு பெற்றார். அவர் அளித்தவை பெரும்பாலும் கருத்துநிலை ஓவியங்கள். கூரையின் வளைவுக்கு அப்போது கணித வரையறை இல்லை. வளைவு தெரியாமல் எடை தெரியாது. எடை தெரியாமல் தூணின் கனம் தெரியாது. ஆனாலும் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமமான 35 லட்சம் பவுண்டு என்று செலவு குறிக்கப்பட்டது. 1963 ஜனவரி 26 நிறைவு நாளாக வைக்கப்பட்டது. அரசியல் ஆதரவு கரைவதற்குள் பணியைத் தொடங்கிவிட வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதல்வர் ஜோசப் கேஹில் விரும்பினார். 1959 மார்ச்சில் வேலை தொடங்கியது.

விளைவை அடித்தளமே காட்டியது. கூரையின் வடிவம் முடிவானபோது, அதைத் தாங்கவேண்டிய தூண்கள் வலுப் போதாதவை என்று தெரிந்தது. அவற்றை மீண்டும் கட்ட நேர்ந்தது. கட்டியது, அகற்றியது, மறுபடி கட்டியது என ஒரே தூணுக்கு மூன்று செலவுகள். எந்த விலைவிகிதப் பட்டியலிலும் இதற்கு வரி கிடையாது.

1961-இல் ஒரு தெளிவு பிறந்தது. கூரையின் எல்லா வளைவுகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டியெடுக்கலாம் என்று கண்டறிந்தனர். அதன்பின் ஒரே அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளைச் செய்ய முடிந்தது. மொத்தம் 2,194 துண்டுகள். இங்கே ஓர் அடிப்படை விளங்குகிறது: வடிவம் முடிவான பின்புதான் அளவு எண்ணத்தக்கதாகிறது, எண்ணத்தக்கதற்கே விலை சொல்ல முடியும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிய கட்டடத்தின் மொத்தச் செலவு 10.2 கோடி ஆஸ்திரேலிய டாலர். 1966-இல் உட்சன் விலகினார். உட்புறம் வேறு கட்டடக் கலைஞர்களால் வடிவமைக்கப்பட்டது. திறப்பு விழா 1973 அக்டோபர் 20-இல் நடந்தது. முதல் தொகையைப் போல் ஏறத்தாழ பதினான்கரை மடங்கு செலவு, பத்தாண்டுக்கு மேல் தாமதம். அக்கால விலைவாசி உயர்வு இதில் சிறு பங்கையே விளக்கும்.

தற்செயலா, சாய்வா?

இதை ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. பென்ட் ஃப்ளிவ்பியரும் அவருடைய சகாக்களும் 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். சராசரிச் செலவு மிகை ரயில் திட்டங்களில் 45 சதவீதம், பாலங்களிலும் சுரங்கங்களிலும் 34, சாலைகளில் 20. பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு குறைத்தே மதிப்பிடப்பட்டிருந்தது. பிழை தற்செயலானதாக இருந்தால் கூடுதலும் குறைவும் ஏறக்குறைய சமமாக விழுந்திருக்கும். ஒரே பக்கம் விழும் பிழை, மதிப்பிடும் முறையிலேயே சாய்வு இருப்பதைக் காட்டுகிறது. தம் திட்டத்தின் உள்விவரங்களை மட்டும் பார்ப்பவர் நம்பிக்கை மிகுந்து கணிக்கிறார் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே விளக்கினர். முடிந்துபோன ஒத்த திட்டங்களின் பட்டறிவோடு ஒப்பிடுவதே அவர்கள் காட்டிய மருந்து.

ஒரு மறுப்பு

உண்மைச் செலவை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தக் கட்டடம் எழுந்தே இருக்காது என்பர். இடர்களை அறியாமையே மனிதரைப் பெரும்பணிகளில் துணிந்து இறக்குகிறது என்று 1967-இல் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மனும் வாதிட்டார். இவ்வாதம் வென்றவற்றை மட்டுமே கணக்கில் கொள்கிறது. பாதியில் நின்றவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மேலும் சிட்னியின் மிகைச் செலவைப் பெரும்பாலும் லாட்டரிப் பணம் ஏற்றது. குடிநீர்த் திட்டத்துக்கோ மருத்துவமனைக்கோ அப்படியொரு பெட்டி திறந்திருப்பதில்லை. அங்கே ஒரு திட்டத்தின் மிகைச் செலவு மற்றொரு ஊரின் திட்டத்தைத் தள்ளிப்போடுகிறது.

முடிவுரை

நம் பொதுப்பணித் துறைகளின் மரபு, அளவுகளை விலைவிகிதத்தால் பெருக்கி, எதிர்பாராச் செலவுக்கெனச் சிறு விழுக்காடு சேர்ப்பது. மண் பரிசோதனையும் கட்டமைப்பு வரைபடமும் முடிந்த பணிக்கு இது போதும். அவை முடியாத நிலையில் அதே முறையைக் கையாள்வது, தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் செயல். ஆகவே மூன்று மாற்றங்கள் தேவை. தொடக்கநிலை மதிப்பீட்டை ஒற்றைத் தொகையாக வெளியிடாமல் கீழெல்லை, மேலெல்லையோடு வெளியிட வேண்டும். ஒத்த திட்டங்களின் முதல் மதிப்பீட்டையும் இறுதிச் செலவையும் அருகருகே வைத்து அதைச் சரிபார்க்க வேண்டும். பாரம் தாங்கும் பகுதிகளின் வடிவமைப்பு முடியுமுன் ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது.

இவற்றில் இரண்டாவது உடனே செய்யத்தக்கது. ஒவ்வொரு திருத்திய மதிப்பீடும் ஏன் திருத்தப்பட்டது என்ற விவரம் அலுவலகக் கோப்புகளில் ஏற்கெனவே உள்ளது. பணி முடிந்ததும் கட்டிவைக்கப்படும் அக்கோப்புகளைத் தொகுத்துப் பொதுவில் வைத்தால், அடுத்த மதிப்பீட்டை எழுதும் பொறியாளருக்கு அதைவிட நல்ல பாடநூல் வேறில்லை.