லீத்தே: முற்பிறவியை மறக்கடித்த தண்ணீர்

மறுபிறவி என்றதுமே இந்தியாதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கர்களில் ஒரு சாராரும் இதை நம்பினார்கள். நம்பியவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. முன்பு வாழ்ந்தது உண்மை என்றால் யாருக்கும் ஏன் ஞாபகம் இல்லை? கிரேக்கர்கள் சொன்ன பதில் எளிமையானது. வரும் வழியில் தாகத்துக்குத் தண்ணீர் குடித்து விட்டோம், அவ்வளவுதான்!

லீத்தே என்றால் மறதி. இறந்தவர்களின் உலகில் அந்தப் பெயரில் ஒரு நீர் இருப்பதாகக் கதை. அதைக் குடிக்காமல் தப்ப முடியுமா என்று சிலர் உண்மையாகவே முயன்றிருக்கிறார்கள். அதற்கான சாட்சி மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது.

1969-ல் தென் இத்தாலியில், பழங்காலத்தில் ஹிப்போனியோன் என்ற கிரேக்க நகரம் இருந்த இடத்தில், ஒரு பெண்ணின் புதைகுழியைத் தோண்டினார்கள். எலும்புகளோடு மடித்து வைத்த ஒரு மெல்லிய தங்கத் தகடு இருந்தது. உள்ளங்கையில் அடங்கி விடும் அளவு. காலம் கி.மு. 400-ஐ ஒட்டியது. பொடி எழுத்தில் அதில் இருந்தது, செத்துப் போனவளுக்கு வழி சொல்லும் குறிப்பு. பாதாளத்தில் ஒரு வெள்ளை சைப்ரஸ் மரம் நிற்கும், பக்கத்தில் ஊற்று இருக்கும், மற்ற ஆன்மாக்கள் அங்கே தாகம் தணித்துக் கொள்ளும், நீ கிட்டே போகாதே. இன்னும் தள்ளிப் போனால் நினைவு ஏரி. காவலர்கள் கேட்டால், மண்ணுக்கும் விண்மீன் வானத்துக்கும் பிறந்த பிள்ளை என்று சொல்லி அந்தத் தண்ணீரைக் கேள். இதுதான் சாரம்.

இதே போன்ற வேறு தகடுகளும் கிடைத்துள்ளன. வேடிக்கை என்னவென்றால், ஹிப்போனியோன் தகடு அந்த ஊற்று வலது பக்கம் என்கிறது, அதே இத்தாலியில் பெத்தேலியாவில் கிடைத்த தகடு இடது பக்கம் என்கிறது. வழி சொன்னவர்களுக்கே வழி சரியாகத் தெரியவில்லை போலும்! தூரியில் கிடைத்த இன்னொரு தகட்டில், துயரமான சக்கரத்திலிருந்து பறந்து வெளியேறி விட்டதாக ஆன்மா சொல்கிறது. அந்தச் சக்கரம் பிறவிச் சுழல்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஆக இவர்களுக்கு மறதி ஒரு பொறி. மறந்தவன் திரும்பப் பிறப்பான், நினைவு வைத்திருப்பவன் தப்புவான்.

பித்தாகரஸ் தமக்கு எதுவுமே மறக்கவில்லை என்று சொன்னதாக வரலாறு. ட்ராய் போரில் காயம்பட்ட யூஃபோர்பஸ் தாம்தான் என்றாராம். கணக்குப் பாடத்தில் தேற்றத்தோடு மட்டும் அவரைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அவர் காலத்திலேயே வாழ்ந்த கவிஞர் ஸெனோஃபனேஸ் இதைக் கேலி செய்து பாட்டே எழுதினார். அடி வாங்கும் நாயின் குரலில் இறந்த நண்பனின் குரலைப் பித்தாகரஸ் அடையாளம் கண்டு கொண்டாராம்!

பிளேட்டோ இதை வேறு மாதிரி பார்த்தார். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'குடியரசு' நூலின் கடைசியில் ஏர் என்ற வீரனின் கதை வருகிறது. போரில் செத்து, பன்னிரண்டாம் நாள் சிதையில் உயிர்த்து, கண்டதைச் சொல்கிறான். அங்கே ஆன்மாக்கள் அடுத்த பிறவியைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன. ஒழுங்கான வாழ்க்கை வாழ்ந்து சொர்க்க சுகத்திலிருந்து வந்த ஒருவன் அவசரப்பட்டுக் கொடுங்கோலனின் பிறவியை எடுத்துக் கொள்கிறான். சொந்தப் பிள்ளைகளையே தின்னும் விதி அதில் இருப்பதைப் பிறகுதான் கவனிக்கிறான். பட்ட பாடெல்லாம் நினைவில் இருக்கும் ஒடிசியஸ் தேடித் தேடி, யாரும் சீண்டாத ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கையை எடுத்து மகிழ்கிறான். எல்லாம் முடிந்த பிறகு மரம் செடி இல்லாத வெட்டவெளியில் கடும் வெயிலில் நடத்தி, ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறார்கள். எல்லோரும் ஓர் அளவு குடித்தே ஆக வேண்டும். புத்தி இல்லாதவர்கள் அளவுக்கு மேல் குடிக்கிறார்கள்.

இங்கே மறதி தண்டனை இல்லை. தேர்ந்தெடுக்கும் வரை நினைவு தேவை, அதன் பின் தேவையில்லை. ரசீது கிழிந்து விடுகிறது, பாக்கி மட்டும் அடுத்த பக்கத்துக்கு வருகிறது. நியாயமா என்று கேட்கலாம். எதற்காகப் படுகிறோம் என்று தெரியாமல் படுவது கொடுமைதானே? பிளேட்டோவின் பதில், தேர்ந்தெடுத்தவனே பொறுப்பு, கடவுள் மேல் பழி இல்லை என்பது. கொஞ்சம் கறாரான பதில்தான்.

மறதியையே ஒரு சடங்காக்கியவர்களும் உண்டு. கிரேக்கத்தில் லெபதேயா என்ற ஊரில் ட்ரோஃபோனியஸின் குறி சொல்லும் குகை இருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பௌசானியஸ் தாமே அங்கே இறங்கி விட்டு வந்து எழுதியிருக்கிறார். உள்ளே போகுமுன் முதலில் லீத்தே நீர், அதுவரை மனதில் இருந்ததெல்லாம் மறக்க. அடுத்து நினைவு நீர், உள்ளே காணப் போவது மறக்காமல் இருக்க. தகடு எழுதியவர்கள் தொடாதே என்று எச்சரித்த தண்ணீரை இங்கே முதலில் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள்!

பெத்தேலியா தகடு இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அது எழுதப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழித்து, ரோமர் காலத்தில் யாரோ அதைச் சுருட்டி ஒரு சிறு தங்கக் குப்பியில் போட்டு, சங்கிலி கோத்துத் தாயத்தாக்கி விட்டார்கள். செத்தவருக்கு எழுதியதை உயிரோடு இருப்பவர் கழுத்தில் போட்டுக் கொண்டு திரிந்திருக்கிறார். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?