கையால் இழுக்கும் சிறுதேர்: பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளும் நூலும் தேர்தல் பற்றிய ஓர் ஆய்வு

1. அளவுகோல்

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் ஒரு விளையாட்டுப் பொருளைக் காட்டுகிறார். தச்சன் செய்து தந்த சிறு குதிரை வண்டி அது. அதில் ஏறிப் போக முடியாது. ஆனாலும் பிள்ளைகள் அதைக் கையால் இழுத்துக்கொண்டு போவதிலேயே மகிழ்ந்துவிடுகிறார்கள். புலவர் இதை உவமையாகத்தான் சொல்கிறார். அவருடைய பேச்சு தலைவனின் நட்பைப் பற்றியது. எனக்கோ அந்த உவமையே போதும். வண்டியை ஓட்டியது பிள்ளையின் கை, குதிரைக்கு உயிர் கொடுத்தது பிள்ளையின் மனம்.

இக்கட்டுரையின் அளவுகோல் இதிலிருந்தே பிறக்கிறது. ஒரு பொம்மையோ புத்தகமோ பிள்ளை செய்வதற்கு எவ்வளவு வேலையை மிச்சம் வைக்கிறது என்று பார்த்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலையும் பளபளப்பும், பெட்டியின் மேல் அச்சிட்ட 'அறிவை வளர்க்கும்' என்ற விளம்பரமும் அதற்குப் பின்னால்தான்.

2. பழஞ்சான்றுகள்

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பேசுகிறது. கீழடி அகழாய்வில் சுடுமண் வட்டுகளும் பகடைக்காய்களும் கிடைத்துள்ளன. பிள்ளைத்தமிழ், குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்து, ஆண்பாலுக்கு இறுதியில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் முதலியவை என்றும் வகுத்தது. இந்தப் பகுப்பை ஓர் எச்சரிக்கையாகவும் படிக்க வேண்டும். சிற்றில் பருவத்தில் பெண்பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவார்கள்; ஆண்பிள்ளை அதைக் காலால் சிதைப்பான். இன்றைய கடைகளிலும் சொப்புச் சாமான் ஒரு பக்கம், காரும் துப்பாக்கியும் மறுபக்கம் என்றுதான் அடுக்கியிருக்கிறார்கள். சமைத்து விளையாடும் ஆசை ஆண்பிள்ளைக்கும் உண்டு. தடுப்பவர்கள் பெரியவர்களே.

3. விளையாட்டுப் பொருள்

3.1 மரப்பாச்சி

மரப்பாச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் செம்மரத்தில் கடைந்தது. முன்னும் பின்னும் ஏறக்குறையத் தட்டை. கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும், அசையாது. முகத்தில் மூக்கும் கண்ணும் குறிப்பாகத்தான் தெரியும், சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. இந்தக் குறைவுதான் அதன் பலம். காலையில் அது மணப்பெண். பழைய ரிப்பனைச் சுற்றினால் பட்டுப்புடவை ஆகிவிடும். மத்தியானம் அதற்குக் காய்ச்சல். சாயங்காலம் அதுவே டீச்சர், பிள்ளை எதிரே மிரட்டலுக்கு அஞ்சி உட்கார்ந்திருக்கும். முகத்தில் ஒரே சிரிப்பை ஒட்டிவைத்த பிளாஸ்டிக் பொம்மைக்குக் காய்ச்சல் வருவது கடினம். பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மையிடம் பிள்ளைக்கு இருக்கும் வேலை அழுத்துவது மட்டுமே. மூன்றாம் நாள் அது சலித்துப்போவதில் வியப்பில்லை.

3.2 தவற்றைத் தானே காட்டும் பொருள்

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர் வகுத்த கருவிகளில் உருளைக் கட்டை ஒன்று. ஒவ்வோர் உருளைக்கும் அதற்கேற்ற ஒரே குழிதான் உண்டு. மாற்றிச் செருகினால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சி நிற்கும். பெரியவர் யாரும் 'தப்பு' என்று சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடுகிறது.

நம் பல்லாங்குழியும் இந்த இனம்தான். பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது காய். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு'. எண்ணிக்கை பிசகினால் ஆட்டமே பிசகும்.

3.3 எண்ணிக்கை

2018இல் அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நடை பழகிய சிறு பிள்ளைகளிடம் ஒரு முறை 4 பொம்மைகளையும் மறுமுறை 16 பொம்மைகளையும் கொடுத்துக் கவனித்தார்கள். நான்கு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். ஆகவே வீட்டிலிருக்கும் பொம்மைகளில் பாதியைப் பரணில் ஏற்றிவிட்டு, மாதம் ஒருமுறை மாற்றி இறக்கலாம். செலவில்லாத வழி.

4. பாதுகாப்பு

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. எனவே தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் முத்திரை இல்லாதிருந்தால் அது போலி என்று பொருளில்லை. ஆனால் சாயத்தைச் சோதிக்கும் பொறுப்பு வாங்குபவரிடம் வந்துவிடுகிறது. ஈரத்துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டும் பொருளை, எதையும் வாயில் வைக்கும் பிள்ளையிடம் தரக் கூடாது.

மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையை அடைக்கக்கூடியது. பொத்தான் பேட்டரியின் ஆபத்து வேறு வகை. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொம்மையை வாங்கவே வேண்டாம்.

பழையது எல்லாம் நல்லது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல்லாங்குழிக்குச் சில வீடுகளில் குன்றிமணியை எடுப்பார்கள். மென்று விழுங்கினால் அது கொடிய நஞ்சு. புளியங்கொட்டையோ சோழியோ போதும். அவற்றையும் சின்னப் பிள்ளைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

5. நூல்

5.1 மொழி

நூலுக்கும் அதே அளவுகோல்தான், ஆனால் முதலில் மொழி வழிவிட வேண்டும். 'அவன் மரத்தினால் உருவாக்கப்பட்ட ஒரு வீட்டைக் கொண்டிருந்தான்' என்று தொடங்கும் மொழிபெயர்ப்பை எந்தப் பாட்டியாலும் கதையாகச் சொல்ல முடியாது. 'அவனுக்கு ஒரு மரவீடு இருந்தது' என்றால் பிள்ளை அடுத்து என்ன என்று கேட்கும். அழ. வள்ளியப்பாவின் பாடல்களும் வாண்டுமாமாவின் கதைகளும் நின்றதற்குக் காரணம் அவை வாயில் தடுக்காமல் ஓடியதுதான். கடையிலேயே முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு இடறினால் நூலை வைத்துவிடலாம்.

5.2 நீதி

கதையின் முடிவில் கட்டம் கட்டி 'நீதி' அச்சிடும் வழக்கம் நம் சிறுவர் நூல்களில் இன்னும் போகவில்லை. பொத்தான் பொம்மை செய்யும் அதே கேட்டை இது செய்கிறது. நரி ஏன் அப்படிச் செய்தது, காகம் பாவமில்லையா என்று பிள்ளை கேட்க இருந்த கேள்வியைக் கட்டம் மூடிவிடுகிறது.

5.3 படம்

எழுத்தில் உள்ளதையே மறுபடி காட்டும் படம் சுமாரானது. எழுத்தில் சொல்லாத ஒரு பூனையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் படம் நல்லது. எழுத்தறியாத பிள்ளை அந்தப் பூனையைத் தேடித் தானே பக்கம் புரட்டும்.

5.4 வயதா, வாசிப்பா

அட்டையில் போட்டிருக்கும் வயதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனை வைத்துப் பிரிக்கப்பட்டவை. பத்து வயதுப் பிள்ளை 'நட' நிலையில் இருப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

6. வாங்காமலும் தேரலாம்

நல்ல நூல் எல்லாவற்றையும் வாங்கும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை. அன்றைய சென்னை மாகாணம் 1948இலேயே பொது நூலகச் சட்டத்தை இயற்றிவிட்டது. அச்சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. பணம் கட்டியாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள கிளை நூலகத்துக்குப் போங்கள். சிறுவர் நூல்கள் மேல்தட்டில் இருந்தால், கீழ்த்தட்டுக்கு மாற்றச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள். முதல் நூலைப் பிள்ளையே எடுக்கட்டும்.