கறைபட்ட கையும் கறைபடாத கிருபையும்



உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் பின்னாளில் பெரும் பாவத்தில் விழுந்தார் என்று கேள்விப்பட்டால் உங்கள் உள்ளம் எப்படித் தவிக்கும்? அந்த ஞானஸ்நானம் செல்லுமா? அவர் கையால் பெற்ற திருவிருந்து மெய்யானதா? ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்கத் திருச்சபை இதே கேள்வியால் இரண்டாகப் பிளந்தது.

கி.பி. 303இல் ரோமப் பேரரசன் தியோக்லேத்தியன் ஆலயங்களை இடிக்கவும் வேதப்பிரதிகளை எரிக்கவும் கட்டளையிட்டான். பலர் இரத்தசாட்சிகளாய் மரித்தனர். குருமார் சிலரோ வேதப்பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்து உயிர் தப்பினர்.

உபத்திரவம் ஓய்ந்தபின் செசிலியன் கார்த்தேஜின் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவர்மேல் கைகளை வைத்த ஃபெலிக்ஸ், வேதத்தை ஒப்படைத்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டார். கறைபட்ட கை எவ்வாறு அபிஷேகம் பண்ணும் என்று கேட்டவர்கள் முதலில் மஜோரினஸையும் பின்பு டொனாட்டஸையும் தங்கள் பேராயராக ஏற்படுத்தினர். மற்றச் சபையிலிருந்து வந்தவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தனர். அரசு விசாரணையில் ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. ஆயினும் பிளவு ஆறவில்லை. இரத்தசாட்சிகளை அடக்கம் செய்த மக்களின் வேதனையை நாம் இலேசாக எண்ணலாகாது.

314இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம் இரண்டு காரியங்களைத் தீர்மானித்தது. வேதத்தை ஒப்படைத்தது அரசாங்கப் பதிவேடுகளால் நிரூபணமானால் அந்தக் குரு ஊழியத்திலிருந்து நீக்கப்படவேண்டும். ஆனாலும் அவரால் அபிஷேகம் பெற்றவர்கள் தகுதியுள்ளவர்களானால் அவர்களுடைய அபிஷேகம் நிலைநிற்கும்.

பிற்காலத்தில் ஹிப்போவின் பேராயர் அகஸ்டின் இதை விளக்கினார். எந்த மனிதன் ஞானஸ்நானம் கொடுத்தாலும் அதைக் கொடுக்கிறவர் கிறிஸ்துவே என்றார். கல்வாய்க்கால் வழியே ஓடும் தண்ணீர் தோட்டத்தைச் செழிக்கச் செய்கிறது. கல்லில் ஒன்றும் முளைப்பதில்லை என்ற உவமையையும் எழுதிவைத்தார். 411இல் கார்த்தேஜில் இரு தரப்புப் பேராயர்களும் நூற்றுக்கணக்கில் கூடி வாதிட்டனர். தீர்ப்பு டொனாட்டஸின் கூட்டத்தாருக்கு எதிராயிற்று. அதன்பின் அரசு அபராதத்தாலும் பறிமுதலாலும் அவர்களை நெருக்கியது. அகஸ்டினும் அந்த நெருக்குதலை ஆதரித்தார். அவர் உபதேசம் நலமானது. அந்த வழி நலமானதன்று.

பிரியமானவர்களே, ஆர்லின் இரண்டு தீர்மானங்களையும் சேர்த்தே பற்றிக்கொள்ளுங்கள். முதலாவதை மறந்தால், கிருபையின் பெயரால் குற்றவாளியை மூடி மறைப்போம். அவரால் காயப்பட்டவர்களுக்கு அநீதி செய்வோம். இரண்டாவதை மறந்தால், ஒரு மனிதனின் வீழ்ச்சியில் நம் விசுவாசமும் விழுந்துபோகும். உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் விழுந்தாலும், உங்களைத் தமக்கென்று முத்திரையிட்ட ஆண்டவர் விழுவதில்லை. கலங்காதிருங்கள்.

ஊழியராகிய எங்களுக்கோ அந்தக் கல்வாய்க்கால் ஓர் எச்சரிப்பு. எங்கள் வழியாய்த் தண்ணீர் பாய்ந்து பிறர் செழிக்க, நாங்கள் வறண்ட கல்லாகவே நின்றுவிடக்கூடும். எங்களுக்காக ஜெபியுங்கள்.

கர்த்தருடைய கிருபை உங்களனைவரோடும் இருப்பதாக. ஆமென்.