மனிதன் எதற்காக? தாம்பரத்தில் 1938ல் நடந்த விவாதம்

தாம்பரம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மின்சார ரயிலும், விமானப்படைத் தளமும், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலும்தான். ஆனால் கிறிஸ்தவ இறையியல் படிப்பவர்களுக்கு 'தாம்பரம்' என்பது ஒரு விவாதத்தின் பெயரும்கூட. மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான்? கடவுளோடு அவனுக்கு என்ன உறவு? கிறிஸ்துவை அறியாத மனிதனுக்கும் அந்த உறவு உண்டா? 1938 டிசம்பரில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் இங்கே உட்கார்ந்து இதைத்தான் விவாதித்தார்கள்.

பழைய பதில்

பைபிளின் முதல் பக்கங்களிலேயே இதற்குப் பதில் தொடங்குகிறது. கடவுள் மனிதனைத் தன் சாயலாகப் படைத்தார். மனிதன் கீழ்ப்படியாமல் போனதால் அந்த உறவு முறிந்தது. கிறிஸ்துவின் மூலம் அது மீண்டும் சேர்க்கப்படுகிறது. படைப்பு, வீழ்ச்சி, மீட்பு என்று மூன்றே சொற்களில் இதைச் சொல்லிவிடலாம்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் தொடக்கம் 1837ல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் நடத்திய பள்ளி. அந்த மிஷனரிகள் சிறுவயதில் மனப்பாடம் செய்தது 1647ல் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை. மனிதனின் முதன்மையான நோக்கம் என்ன என்பதுதான் அதில் முதல் கேள்வி. கடவுளுக்கு மகிமை சேர்ப்பதும், அவரில் என்றும் இன்புறுவதும் என்பது பதிலின் சாரம்.

ஸ்காட்லாந்தில் இந்தப் பதில் போதுமானதாக இருந்திருக்கலாம். சென்னையில் அப்படி இல்லை. கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்கள் வீட்டிலும் கடவுளை வணங்கினார்கள், தேவாரமும் திருவாய்மொழியும் ஓதினார்கள். அந்த வழிபாடெல்லாம் யாரைச் சென்று சேர்கிறது? ஸ்காட்லாந்து வினாவிடையில் இந்தக் கேள்வி இல்லை.

மாநாடு தாம்பரத்துக்கு வந்த கதை

சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு உண்மையில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடக்க வேண்டியது. 1937ல் ஜப்பான் சீனாவின் மீது போர் தொடுத்ததால் இடம் மாறியது. அதே 1937ல்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் காட்டு வளாகத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலும் 1931லேயே வந்துவிட்டது.

டிசம்பர் 12 முதல் 29 வரை மாநாடு நடந்தது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 470 பேர் வந்தார்கள். 1910ல் எடின்பரோவில் நடந்த மாநாட்டில் ஆசியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாம்பரத்திலோ ஏறக்குறையப் பாதிப் பேர் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். தலைமை ஜான் மாட். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த பேராயர் அசரியா, இலங்கையின் டி.டி. நைல்ஸ், பிற்காலத்தில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலி ஆகியோரும் வந்திருந்தார்கள். போரிட்டுக்கொண்டிருந்த சீனா, ஜப்பான் இரண்டு நாட்டுக் கிறிஸ்தவர்களும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள்.

கிரேமர் சொன்னது

இந்த மாநாட்டுக்காகவே ஒரு நூல் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதியவர் ஹெண்ட்ரிக் கிரேமர். டச்சுக்காரர், இந்தோனேசியாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர், இஸ்லாத்தையும் ஜாவா மக்களின் சமயத்தையும் ஆழமாகப் படித்தவர்.

மனிதன் கடவுளுக்காகப் படைக்கப்பட்டவன், ஆனால் தானே கடவுளாக விரும்பியதுதான் அவனுடைய பாவத்தின் வேர் என்றார் கிரேமர். சமயங்கள் மனிதனின் உயர்ந்த தேடலையும் காட்டுகின்றன, அவனுடைய கலகத்தையும் காட்டுகின்றன. அவற்றைப் படிப்படியாக ஏறிப்போனால் கிறிஸ்துவிடம் வந்து சேரலாம் என்பதை அவர் ஏற்கவில்லை. உறவைத் தொடங்குபவர் கடவுள், மனிதன் அல்ல. கிறிஸ்தவம் என்கிற சமயத்தையும் இதே அளவுகோலால்தான் அவர் அளந்தார். அவர் இந்து சமயத்தை மட்டும் குறை சொன்னார் என்று நினைப்பது சரியல்ல.

சென்னையின் பதில்

மாநாடு கூடுவதற்குச் சற்று முன்பே சென்னையிலிருந்து ஒரு பதில் நூல் வெளிவந்துவிட்டது. இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்போம் என்பது அதன் தலைப்பின் பொருள். அதை எழுதியவர்களில் முக்கியமானவர்கள் பி. செஞ்சையா, வி. சக்கரை செட்டியார். இருவரும் உறவினர்கள், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்கள், இந்துக் குடும்பத்தில் பிறந்து இளமையில் கிறிஸ்தவரானவர்கள். செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். சக்கரை செட்டியார் தொழிற்சங்கத் தலைவர், 1941ல் சென்னை மேயரானவர்.

செஞ்சையாவின் பார்வை துணிச்சலானது. மனிதனின் பாவத்தைத் தீர்ப்பதோடு கடவுளின் திட்டம் முடிந்துவிடவில்லை என்றார் அவர். இயேசு ஒரு புது சிருஷ்டியின் முதல் மனிதர். பரிசுத்த ஆவியின் ஆற்றலால் மற்றவர்களும் அப்படி ஆக வேண்டும், அதுதான் மனிதனின் நோக்கம். அரவிந்தரின் சிந்தனையும், கும்பகோணம் சி.வி.வி.யின் யோகமும் அவரைப் பாதித்திருந்தன. சக்கரை செட்டியாரோ இயேசுவை அவதாரம் என்றே அழைத்தார். ஆனால் இது வந்து மறையும் அவதாரம் அல்ல, மனிதருக்குள் ஆவியாகத் தொடர்ந்து வாழும் அவதாரம் என்றார்.

இவர்களுக்கு இது வெறும் ஏட்டு விவாதம் அல்ல. கிரேமர் சொல்வதை அப்படியே ஏற்றால், தாங்கள் பிறந்த சமயம் தங்களைக் கிறிஸ்துவிடம் கொண்டுவர எந்த உதவியும் செய்யவில்லை என்று ஆகிவிடும். இந்து சமயத்தை விலகி நின்று பார்ப்பவரும் அதற்குள் பிறந்தவரும் ஒரே மாதிரி எழுத முடியாது!

ஹாக் கேட்ட கேள்வி

ஏ.ஜி. ஹாக் 1938 வரை கல்லூரியின் முதல்வர். டாக்டர் ராதாகிருஷ்ணனின் ஆசிரியர். மாநாட்டுத் தொகுதிகளில் முதலாவதில் அவருடைய கட்டுரை உள்ளது. மற்ற சமயங்களின் கோட்பாடுகள் வேறு, அந்தச் சமயங்களில் வாழும் மனிதரின் விசுவாசம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். கோட்பாட்டோடு உடன்படாமல் இருக்கலாம், ஆனால் கடவுளோடு உண்மையிலேயே வாழும் ஓர் இந்துவைக் கண்டால் அதை மதிக்க வேண்டும் என்றார். முப்பது வருடங்களுக்கும் மேலாக இந்து மாணவர்களுக்குப் பாடம் சொன்ன ஒருவரின் அனுபவம் இதில் தெரிகிறது.

முடிவு

மற்ற சமயங்களில் ஆழ்ந்த அனுபவங்களும் உயர்ந்த நெறிகளும் உண்டு என்று மாநாட்டு அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தச் சமயங்களை முழுமையாகக் கடவுளின் வெளிப்பாடு என்று கொள்ளலாமா என்பதில் கிறிஸ்தவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப்போர் வந்தது. 1965ல் கத்தோலிக்கத் திருச்சபை மற்ற சமயங்களில் உள்ள உண்மையை மதிப்பதாக அறிவித்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1988ல், இதே கேள்வியோடு மறுபடியும் தாம்பரத்தில் கூடினார்கள்.

மனிதன் கடவுளோடு உறவு கொள்ளவே படைக்கப்பட்டான் என்பதில் கிரேமர், செஞ்சையா, ஹாக் மூவருக்கும் வேறுபாடு இல்லை. அந்த உறவு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பிரிந்தார்கள். எல்லா மனிதரும் அதற்காகவே படைக்கப்பட்டவர்கள் என்றால், பக்கத்து வீட்டுக்காரரின் வழிபாட்டை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. ஹாக்கின் கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்ததாக இருப்பதற்கு அதுவே காரணம்.