திறந்த வாசலுக்கு இந்தப் பக்கம்

வேலை நேரம் போக, ஒரு கட்டற்ற மென்பொருளின் உதவிப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். நிரல் எழுதுபவர்களிடம் கேட்டு விளக்கம் எழுதுவது என் வேலை. இணையதளத்தில் ஏற்றும் முன் அவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுவேன். "இது அப்படி இல்லையே" என்று திரும்பி வராத பக்கம் அபூர்வம். இந்த ஒரு படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்குப் பழவேற்காடு ஞாபகம் வரும்.

ஏரியும் கடலும் சேரும் அந்த மீனவ ஊரில் 1613இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1630களில் அங்கே போதகராக வந்த அப்ரஹாம் ரோஜேரியஸ், சுமார் பத்து வருடம் இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் சாதி, சடங்கு, கோயில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இருவருக்கும் பொதுமொழி போர்த்துகீசியம். பர்த்ருஹரியின் சதகங்களைப் பத்மநாபன் விளக்க, இவர் டச்சில் எழுதிக்கொண்டார். ரோஜேரியஸ் இறந்தபின், 1651இல் லைடனில் புத்தகம் வந்தது. பெயர், 'மறைந்திருக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த வாசல்'. 1663இல் ஜெர்மனிலும் 1670இல் பிரெஞ்சிலும் வெளிவந்தது.

தகவல் தந்தவரின் பெயரை ரோஜேரியஸ் மறைக்கவில்லை. அந்த நேர்மை இன்றைக்கும் எல்லோரிடமும் இல்லை. ஆனால் வாசல் திறந்தது ஐரோப்பியப் பக்கம் மட்டும்தான். அச்சான டச்சுப் பக்கத்தைப் பார்த்து "இது அப்படி இல்லையே" என்று சொல்லப் பழவேற்காட்டில் வழியில்லை. பத்மநாபன் சொன்னதும் ஒரு பிராமணர் பார்த்த ஊர்தான். ஏரியில் வலை போட்டவர்களிடம் கேட்டிருந்தால் வேறு புத்தகம் வந்திருக்கும்.

அவர்களிடமும் ஓர் ஏற்பாடு உண்டு. பெயர் 'பாடு'. ஏரியில் எந்த இடத்தில் யார், எப்போது வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. தகராறு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். விதியைப் பின்பற்றுகிறவர்களே அதைத் திருத்தவும் முடியும். ஆனால் உரிமை கோட்டைக்குப்பம் போன்ற சில குப்பங்களின் பட்டினவர்களுக்குத்தான். வெளியே நிற்பவர்களின் கோபம் இன்னும் தீரவில்லை.

எங்கள் பக்கங்கள் எந்த வகை? உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், உரிமம் அப்படித்தான் சொல்கிறது. ஆங்கிலம் தெரிந்திருந்தால். பாட்டுக்கு சாதியும் குப்பமும் வேலி என்றால், எங்களுக்கு இது வேலி. 'கணியம்' மின்னிதழ் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருவதன் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

போன மாதம் எங்கள் நிறுவல் பக்கத்தைத் தமிழில் எழுதி, ஒரு டிப்ளமோ மாணவரிடம் கொடுத்தேன். மூன்றாவது வரியிலேயே நிறுத்தினார்.

"அண்ணா, இது அப்படி வரலையே."

செய்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஆங்கிலப் பக்கத்திலும் அதே தப்பு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது.