அரிவாள் செல் சோகையும் பார்வோவைரஸ் பி19 தொற்றும்

பெரும்பாலான குழந்தைகளுக்குக் கன்னச் சிவப்போடும் லேசான காய்ச்சலோடும் வந்துபோகும் வைரஸ், பார்வோவைரஸ் பி19. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை உள்ள குழந்தைக்கு அதே தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களாக முதிரவிருக்கும் செல்களே இதன் இலக்கு. அவற்றின் மேற்பரப்பிலுள்ள ‘பி (P) ஆன்டிஜெனை’ப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து அழிக்கிறது. இதனால் சிவப்பணு உற்பத்தி 7 முதல் 10 நாள்வரை முடங்குகிறது. சாதாரணச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் மற்றவர்களுக்கு இந்த முடக்கம் தெரிவதே இல்லை. அரிவாள் செல் நோயாளியின் சிவப்பணுவுக்கு ஆயுள் 10 முதல் 20 நாள்தான். கையிருப்புள்ள வீடு பத்து நாள் வேலையின்மையைச் சமாளித்துவிடும், அன்றாடங்காய்ச்சியால் முடியாது. ஏற்கெனவே குறைவாயிருக்கும் ஹீமோகுளோபின் சில நாள்களிலேயே டெசிலிட்டருக்கு 4 கிராமுக்கும் கீழே போய்விடக்கூடும். மருத்துவர்கள் இதை ‘ஏப்ளாஸ்டிக் கிரைசிஸ்’ என்கிறார்கள்.

காய்ச்சல், கடும் வெளிறல், சோர்வு, மூச்சிரைப்பு ஆகியவை அறிகுறிகள். கன்னச் சிவப்பு பல நோயாளிகளிடம் தோன்றுவதில்லை. அதை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். இளஞ்சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளின் எண்ணிக்கையே துப்புக் கொடுப்பது. இந்நோயாளிகளிடம் எப்போதும் கூடுதலாக இருக்கும் அது, 1 சதவீதத்துக்கும் கீழே சரிந்துவிடும். மண்ணீரலில் ரத்தம் திடீரெனத் தேங்கும்போதும் ஹீமோகுளோபின் விழும். ஆனால் அப்போது மண்ணீரல் வீங்கும், ரெட்டிகுலோசைட் குறையாது.

வைரஸை ஒழிக்கத் தனி மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. தேவைப்படுவோருக்கு ரத்தம் ஏற்றினால், மஜ்ஜை தானாக விழித்துக்கொள்ளும். ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் வாழ்நாள் எதிர்ப்பாற்றல் கிடைத்துவிடுகிறது. அரிவாள் செல் சோகையுள்ள உடன்பிறப்புகள் அடுத்தடுத்துப் படுத்துவிடுவதுண்டு. அவர்களையும் உடனே சோதிக்க வேண்டும். இந்த வைரஸ் கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் தொற்றுள்ளவரிடமிருந்து விலகியிருப்பது நல்லது.

1975-இல் லண்டனில் யுவோன் கோசார்ட் குழுவினர், மஞ்சள்காமாலை பி வைரஸுக்காக ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது தற்செயலாகக் கண்டது இந்த வைரஸை. ‘பி’ வரிசையின் 19-ஆம் மாதிரி என்பதே பெயராயிற்று. அரிவாள் செல் சோகையோடு இதற்குள்ள தொடர்பு 1981-இல்தான் லண்டன், ஜமைக்கா ஆய்வுகளில் தெளிவானது.

இந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதன்முதலில் அறியப்பட்டது 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். 2023-இல் மத்திய அரசு இந்நோயை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. நோயாளி காய்ச்சலோடு வெளிறிப்போனால், ஹீமோகுளோபினோடு ரெட்டிகுலோசைட் பரிசோதனையையும் வீட்டார் கேட்டுப் பெற வேண்டும்.